தண்ணீர் எங்கிருந்து வந்தது?

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டின் ஒரு பக்கச் சுவர் ஊறிப்போய், அதை ஒட்டியிருந்த மர அலமாரி உப்பி வெடித்துவிட்டது. சான்றிதழ்கள், துணிமணி, அப்பா சேர்த்து வைத்திருந்த புகைப்பட ஆல்பங்கள், எல்லாம் போச்சு. வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்ற தைரியத்தில் க்ளைம் போட்டேன். சேதத்தை மதிப்பிட நிறுவனத்திலிருந்து வந்த சர்வேயர் பொறுமையாகத்தான் பார்த்தார், சுவரை அங்கங்கே தட்டினார், அப்புறம் கேட்டார்: "தண்ணீர் எங்கிருந்து வந்தது?" சுவருக்குள் போகும் குழாயில் பல மாதங்களாகக் கசிவு இருந்திருக்கிறது. குழாய் திடீரென்று வெடித்திருந்தால் பணம் வந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்ததால் அது பராமரிப்புக் குறை, க்ளைம் கிடையாது.

எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. பிறகு பாலிசியை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன், அந்த வரி உள்ளே இருந்தது. நம் கண்ணுக்குத் தெரிவது நஷ்டம், ஆனால் பாலிசி கேட்பது காரணத்தை. இது தெரியாமல்தான் நம்மில் பெரும்பாலானவர்கள் வருஷா வருஷம் பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்தளத்துக் குழாய் உடைந்து வந்தது என்றால் ஒரு விதி, புயல் கூரையைப் பிய்த்து அந்த வழியாக மழை இறங்கியது என்றால் இன்னொரு விதி, ஆறு கரை உடைத்து வாசல் வழியாக வந்தது என்றால் அது வெள்ளம், பல இடங்களில் அதைத் தனியாக வாங்கியிருந்தால்தான் உண்டு. துடைத்து வெளியே தள்ளும் நமக்கு எல்லாம் ஒரே சேறுதான்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் வளைகுடாக் கரையைத் தாக்கியபோது இதுதான் நடந்தது. அங்கே வழக்கமான வீட்டுப் பாலிசி காற்றால் வரும் சேதத்தை ஏற்கும், வெள்ளத்தை ஏற்காது. வெள்ளத்துக்கு 1968-ல் மத்திய அரசு கொண்டுவந்த தனித் திட்டம் இருக்கிறது, அது பலரிடம் இல்லை. கடலோரத்தில் எத்தனையோ வீடுகளில் கான்கிரீட் தளம் மட்டும்தான் மிச்சம். சுவரே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, சுவரைத் தள்ளியது காற்றா கடலா என்று வருஷக்கணக்கில் வழக்காடினார்கள். அந்த அரசுத் திட்டத்திலும் பொதுவாக வாங்கிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் பாதுகாப்பு தொடங்கும், அதனால் புயல் செய்தி வந்த பிறகு ஓடிப்போய் வாங்கிப் பயனில்லை.

இன்னும் பழைய கதை 1906 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில். நிலநடுக்கம், அதைத் தொடர்ந்து நாள்கணக்கில் தீ. மக்களிடம் இருந்தது தீக்கான பாலிசி, நடுக்கத்துக்கு அதில் இடமில்லை. இடிந்த தங்கள் வீட்டுக்குத் தாங்களே தீ வைத்தவர்கள் உண்டு என்று அப்போதே பதிவாகியிருக்கிறது. படிக்கும்போது எனக்கு வயிறு கலங்கியது. ஒரு மனுஷனை அந்த நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்துவது பாலிசியின் ஒரு வார்த்தை.

ஜப்பானில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1964-ல் நிகாட்டா நிலநடுக்கத்துக்குப் பிறகு, 1966-ல் சட்டம் போட்டு, அரசும் பொறுப்பில் பங்கேற்கும் நிலநடுக்கக் காப்பீடு வந்தது. ஆனால் தீக் காப்பீட்டுத் தொகையில் 30 முதல் 50 சதவீதம் வரைதான் இதை எடுக்க முடியும். வீட்டை முழுசாகத் திருப்பிக் கட்ட அது போதாது, நடுத்தெருவில் நிற்காமல் இருக்கலாம். அந்த அளவாவது எல்லா நாட்டிலும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, காரணம் பொருந்திவிட்டது என்றாலும் தொகை இடிக்கும். பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்துச் சொல்வது நிறைய பேர் செய்வது. வீட்டைத் திருப்பிக் கட்ட 100 ஆகும், நீங்கள் 60-க்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள், சேதம் 20. இருபது வரும் என்று நினைப்போம், பல பாலிசிகளில் வருவது 12. மீதி நாற்பது சதவீதத்துக்கு நீங்களே பொறுப்பு என்பது கணக்கு. அதே சமயம் மனையின் விலையைச் சேர்த்து மதிப்பைக் கூட்டவும் வேண்டாம், வீடு எரிந்தாலும் மண் அங்கேயேதான் இருக்கும். கட்டும் செலவு மட்டும் போதும். பொருள்களுக்குத் தேய்மானம் கழிப்பார்களா, புதிதாக வாங்கும் விலை தருவார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், பத்து வருஷ ஃப்ரிட்ஜுக்குத் தேய்மானம் கழித்தால் கைக்கு ஒன்றும் வராது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: வீட்டுக்காரர் எடுத்திருப்பது கட்டடத்துக்கு. உள்ளே இருக்கும் உங்கள் கட்டிலுக்கும் லேப்டாப்புக்கும் அதில் ஒரு காசும் வராது.

நான் இப்போது அறை அறையாக, அலமாரிக் கதவையெல்லாம் திறந்து வைத்து, போனில் வீடியோ எடுத்து வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வைத்திருக்கிறேன். நனைந்த பொருளை சர்வேயர் பார்ப்பதற்கு முன் தூக்கிப் போடக்கூடாது, ஆனால் சேதம் மேலும் பரவாமல் தடுப்பது நம் கடமை என்று பாலிசியிலேயே இருக்கிறது. குழாயை மூடுவது, கூரை ஓட்டைக்குத் தார்ப்பாய் போடுவது போன்றவை. அதற்கான ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

பாலிசியைப் புதுப்பிக்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. நிறுவனத்துக்கு மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன்: வெள்ளம் சேர்ந்ததா, நிலநடுக்கம் சேர்ந்ததா, கசிவு எத்தனை நாளுக்குள் கண்டுபிடித்தால் ஏற்பீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் வந்துவிட்டது. மூன்றாவதற்கு, "நேரில் பேசலாம்" என்கிறார்கள். எழுத்தில்தான் வேண்டும் என்று இன்று மறுபடி எழுதியிருக்கிறேன்.