அடிமுடி காணா அண்ணாமலை: கிரிவலம் போகுமுன்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பலர் ராஜகோபுரத்தின் முன் சூடம் ஏற்றிவிட்டு நேரே கிரிவலத்துக்கு நடையைக் கட்டுகிறார்கள். முதலில் உள்ளே போய், தூணுக்குள்ளிருந்து வெளிப்படும் சிவனான லிங்கோத்பவரைப் பார்த்துவிடுங்கள். 14 கிலோமீட்டர் சுற்றிய காலோடு தரிசன வரிசையில் நிற்பது கஷ்டம்.

கருவறைப் பின்சுவரில், மேற்குக் கோஷ்டம், அதாவது மேற்குச் சுவர் மாடம்தான் அவருக்கு இடம். முகத்தைக் கும்பிட்டதும் நகராமல் பாதத்தைத் தேடுங்கள். இந்த வடிவத்துக்குச் சிற்ப இலக்கணமே அதுதான்: முழங்காலுக்குக் கீழே தூண் விழுங்கியிருக்கும், முடியும் முழுதாகத் தெரியாது. சிவன் நெருப்புத் தூணாய் நிற்க, அவன் அடியைத் தேடிக் கீழே மண்ணைக் குடையும் பன்றி திருமால். முடியைத் தேடி மேலே பறக்கும் அன்னம் பிரமன். வஸ்திரம் சாத்தியிருந்தால் இதில் பாதி மறைந்துபோகும்.

தூண் ரொம்ப உயரம், இறக்கை போதவில்லை என்று எடுத்துக்கொண்டால் கதை கைநழுவிவிடும். எவ்வளவு பெரிய உயரமும் ஓர் அளவுதானே, இன்னும் கொஞ்சம் பறந்தால் எட்டிவிடாதா? வேதாந்திகள் வரம்பை மூன்றாகப் பிரிக்கிறார்கள். இங்கே உண்டு, அங்கே இல்லை என்பது இட வரம்பு. நேற்று இல்லை, இன்று உண்டு என்பது கால வரம்பு. இது குடம், அதனால் துணி அல்ல என்பது பொருள் வரம்பு. தைத்திரீய உபநிடதம் பிரம்மத்தை ‘அனந்தம்’ என்பதற்கு இந்த மூன்றும் அற்றது என்று பொருள் சொல்வார்கள். முதல் இரண்டில் பெரிய சண்டை இல்லை. மூன்றாவதில்தான் வழக்கு. இரண்டாவது பொருளே கிடையாது என்பார் அத்வைதி. எல்லாம் அவன் உடல், எதுவும் அவனுக்குப் புறம்பல்ல என்பார் விசிஷ்டாத்வைதி. சைவ சித்தாந்தமோ உயிரையும் அதைக் கட்டும் தளையான பாசத்தையும் தனியே வைத்துக்கொண்டு, இறைவன் உயிர்களோடு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கிறான் என்கிறது. எனக்கென்னவோ கோஷ்டத்துச் சிற்பம் இந்த மூன்றாவது கட்சிக்குத்தான் நெருக்கம்: தூணும் அவன், தூணுக்குள் நிற்பதும் அவன்.

திருமால் அடி காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். முடியைக் கண்டதாகப் பிரமன் சொன்ன பொய்க்குத் தாழம்பூ சாட்சி. அதனால்தான் சிவபூஜைக்கு அது ஆகாது. அர்ச்சனைக் கூடையில் தாழம்பூ இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இனி நடை. செருப்பில்லாமல், மலை வலக்கைப் பக்கம் இருக்க, சாலையின் இடது ஓரமாக நடப்பது முறை. மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களுக்கு என்பது நம்பிக்கை. நிதானமாக நடந்தால் 4 முதல் 5 மணி நேரம். சித்திரை வெயிலில் பகல் 11 மணிக்குமேல் தார்ச்சாலை பாதத்தைக் கொப்புளமாக்கும். விடியற்காலையில் கிளம்புவதே சரி. பௌர்ணமி திதி பல மாதங்களில் ஒரு நாள் மாலை தொடங்கி மறுநாள்வரை நீளும், ஆகவே காலண்டரில் நாளை மட்டும் பார்க்காமல் பஞ்சாங்கத்தில் நேரத்தையும் பாருங்கள். இந்திரன் முதல் ஈசானியம் வரை எட்டுத் திசைக்கும் ஒரு லிங்கம். கடைசியான ஈசானியத்தை, கால் வலியில் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.