நாளே பா – அல்சூர் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 9, வெள்ளி

இந்த செமஸ்டருக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டார்கள். எடுக்கப்படாத ஒரு பேய்ப்படத்துக்கு ஒரு நிமிஷ ட்ரெய்லர். குழுவில் மூன்று பேர். கேமராக்காரி வாயைத் திறந்ததுமே "கல்பள்ளி மயானம்" என்றாள். பெங்களூரில் பேய் என்றாலே எல்லாரும் அங்கேதான் ஓடுகிறார்கள். செத்தவங்களையாவது நிம்மதியா விடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். சண்டைதான் மிச்சம்.

ராத்திரி அம்மாவிடம் புலம்பினேன். தோசையைத் திருப்பிக்கொண்டே, "நாளே பா எடேன்" என்றாள்.

இந்த ஊரில் 90களில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ராத்திரியில் ஒருத்தி வந்து கதவைத் தட்டுவாளாம். அந்த வீட்டு ஆள் குரலிலேயே கூப்பிடுவாளாம். திறந்தால் போச்சு. அதனால் வாசலில் கன்னடத்தில் 'நாளே பா', அதாவது 'நாளைக்கு வா' என்று எழுதி வைப்பார்கள். படித்துவிட்டுத் திரும்பிப் போவாள். மறுநாள் வந்தால் மறுபடி அதே எழுத்து.

"நம்ம வீட்டுல தமிழ்ல கூப்பிடுமா?"

"பின்ன? படிக்கிறது கன்னடம், கூப்பிடுறது அந்தந்த வீட்டு பாஷை."

பெங்களூர்ப் பேய் வேறு எப்படி இருக்கும்!

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கதவில் நான் எழுதிய 'நாளே பா' சினிமா போஸ்டர் மாதிரி இருந்தது. அம்மா ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சாக்பீஸை வாங்கித் தானே கிறுக்கினாள். 'பா' கீழே சரிந்து தாழ்ப்பாளில் போய் முட்டியது. "பயந்தவ ஸ்கேல் வச்சா எழுதுவா?" ஆர்ட் டைரக்‌ஷனில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் இதுதான்.

ஆகஸ்ட் 14, புதன்

ராத்திரி ஷூட். கதை 90களில் நடக்கிறது, வீட்டுக்குப் பின்னாலோ மெட்ரோ ஓடுகிறது. 2011-க்குப் பிறகு வந்த சத்தம் கதைக்குள் வரக்கூடாது. கடைசி ரயில் போகட்டும் என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அதற்கப்புறம் படியில் இருந்த விளக்கு தகராறு பண்ணியது. கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிந்தது, போன் கேமராவில் மட்டும் கறுப்புப் பட்டைகள் ஏறி இறங்கின. அரை மணி நேரம் போனைத் திட்டினோம். போன் பாவம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் இந்த மாதிரி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் வெளிச்சம் வாங்குகிற நேரத்தை, 1/60 நொடியில் வைத்திருந்தோம். 1/50-க்கு மாற்றியதும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக ரெண்டு மினுக்கல் விழுந்தது, பட்டை போய்விட்டது. வகுப்பில் இதை எழுதிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது, ஏன் என்று புரிந்தது நேற்று ராத்திரி 12 மணிக்குத்தான்.

ஆகஸ்ட் 17, சனி

பேயாக சித்தி பொண்ணு. முகத்துக்குப் பவுடர், கண்ணைச் சுற்றி மை, ரெண்டு மணி நேர மேக்கப். அவளைப் பின்பக்கமாக நடக்க வைத்து எடுத்து, கிளிப்பைத் தலைகீழாக ஓட்டுவது திட்டம். ஆள் முன்னால் நடந்து வருவாள், ஆனால் நடையில் ஏதோ ஒன்று உதைக்கும். நன்றாகத்தான் வந்தது. பின்னால் தெருவில் ஒரு ஆட்டோ ரிவர்ஸில் பறந்ததைத் தவிர.

அதே கிளிப்பின் ஓரத்தில் சாமி மாடத்து ஊதுபத்தி இருந்தது. புகை மேலேயிருந்து சுருண்டு சுருண்டு இறங்கி, சிவந்த முனைக்குள் போய் அடங்குகிறது. விழுந்த சாம்பல் எழும்பி வந்து குச்சியில் ஒட்டுகிறது. மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு நாலு தடவை பார்த்தோம். அதை மட்டும் கிட்டப்போய்த் தனியாக எடுத்தோம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சத்தம். எலும்பு முறிய முருங்கைக்காய். ரெண்டு கட்டு தீர்ந்தது, மிச்சம் சாம்பாருக்குப் போனது. யாரும் பேசாமல் அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிஷம் பதிவு செய்தோம். ரூம் டோன் இல்லாமல் எடிட்டில் மௌனம் வைத்தால், ஸ்பீக்கர் செத்துவிட்டது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

குரலுக்கு அம்மா. மைக்குக்குப் பக்கத்தில் நிற்க வைத்ததும் நாடகக்காரி மாதிரி இழுத்தாள்: "கண்ணூ... கதவைத் தொறஓஓ." சிரிப்புதான் வந்தது. சாஃப்ட்வேரில் கூர்மையைக் குறைத்துக் கதவுக்கு வெளியே இருந்து வருகிற மாதிரி செய்து பார்த்தேன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஆனது. கடைசியில் நிஜமாகவே வெளியே நிற்க வைத்துத் தாழ்ப்பாள் போட்டேன். மரக்கதவு சத்தத்தின் மேல்பகுதியைத் தின்றுவிடுகிறது. சொல் மழுங்கி, குரலின் கனம் மட்டும் உள்ளே வருகிறது.

ஏழெட்டு டேக் போனது. நான் லெவல் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அலுத்துப்போன குரல்: "கண்ணு, கால் வலிக்குதுடி. தொறயேன்."

ரெக்கார்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆகஸ்ட் 24, சனி

எடிட். பேயின் முகத்தை முதலில் 40 ஃப்ரேம் வைத்தேன். பவுடர் தெரிந்தது. 12 ஆக்கினேன். 6 ஆக்கினேன். அப்புறம் எடுத்தே விட்டேன். இப்போது புகை, கதவு, உள்பக்கத் தாழ்ப்பாள், அம்மா குரல். குரலுக்கும் அடுத்த தட்டலுக்கும் நடுவில் ரூம் டோன் மட்டும். 24 ஃப்ரேமில், அதாவது ஒரு நொடியில், ஒன்றுமே ஆகவில்லை. 60-இல் என் கையே வீடியோவை நிறுத்தும் பட்டனுக்குப் போனது. 60-ஐயே வைத்துக்கொண்டேன்.

சித்தி பொண்ணிடம் சொல்லியாகிவிட்டது. "இனிமே கூப்பிடு, வர்றேன்" என்றாள். அந்த 'வர்றேன்' நல்ல 'வர்றேன்' இல்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

திரையிட்டார்கள். முதல் 20 விநாடி வெறும் அலங்காரம் என்றார் சார். நான் பெருமையாக நினைத்த ஏரிக்கரைக் காட்சிகள்தான் அவை. ட்ரெய்லரில் முக்கால் கதை சொல்லிவிட்டோம், படம் பார்க்க யார் வருவார்கள் என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. 'தொறயேன்' வந்தபோது முன்வரிசைப் பையன் திரையை விட்டுவிட்டு வகுப்பறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான். சாரும் பார்த்தார். அதை அவர் மார்க் ஷீட்டில் எழுதவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

விநாயகர் சதுர்த்திக்கு வீடு கழுவவேண்டும், கதவைத் துடை என்று அம்மா மூன்று நாளாகச் சொல்கிறாள். நான் துடைக்கவில்லை. இன்று சாயங்காலம் சீட்டுக்காரர் வந்தார். தட்டவே இல்லை. வாசலில் நின்று எழுத்தைப் படித்துவிட்டு, "சரிக்கா, நாளைக்கே வர்றேன்" என்று சொல்லிப் படி இறங்கிவிட்டார்.

அம்மா ஈரத்துணியைத் திரும்பக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டாள்.