பட்டறை ஷெட் சன்னலுக்குப் பாலிகார்பனேட் ஷீட்: இதுவரை நடந்த வேலை

வீட்டுக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவே இருக்கும் என் மரவேலை ஷெட்டுக்கு, சாரல் தொடங்கும் முன் சன்னல் போட்டே தீருவது என்று இறங்கினேன். இடுப்பளவு செங்கல் சுவர், அதற்கு மேல் தகரம், மேற்கே பார்த்து 4 அடிக்கு 3 அடியில் இரண்டு திறப்புகள். தார்ப்பாயால்தான் மூடி வைத்திருந்தேன். இறக்கிவிட்டால் உள்ளே இருட்டு, சுருட்டி ஏற்றினால் ரம்பத்தின் மேல் தூறல். தென்காசிப் பக்கம் ஜூனில் ஆரம்பித்தால் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வீசிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஈரத்தில் இழைப்புளியும் உளியும் துருப்பிடிப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கண்ணாடி வேண்டாம் என்பதில் குழப்பமே இல்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "கண்ணாடியா போடப் போறீய? ஒரு மட்டை விழுந்தா போச்சுல்லா" என்றார். தென்னை மட்டையோடு குரங்குத் தொல்லையும் எங்களுக்கு உண்டு. எடையும் ஒரு காரணம். இந்த அளவுக்கு 4 மி.மீ. கண்ணாடி என்றால் 11 கிலோ வரும். அதே திறப்புக்கு பாலிகார்பனேட் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் ஷீட் 3 மி.மீ.யில் 4 கிலோதான்.

உண்மையான போட்டி அக்ரிலிக் என்ற இன்னொரு ஒளிபுகும் பிளாஸ்டிக்குக்கும் பாலிகார்பனேட்டுக்கும்தான். அக்ரிலிக்கை எனக்குப் பிடிக்கும். வெளிச்சத்தில் 92 சதவீதத்தை உள்ளே விடும், வெயிலில் எளிதில் மஞ்சளாகாது, கீறலும் பாலிகார்பனேட்டைவிடக் குறைவாக விழும். ஆனால் பலமாக அடிபட்டால் உடையும். துளை போடும்போது அவசரப்பட்டாலும் விரிசல் விடும். பாலிகார்பனேட் வளையுமே தவிர எளிதில் உடையாது. போலீஸ்காரர்கள் கலவரத்தில் பிடித்து நிற்கும் ஒளிபுகும் கேடயம் இந்தப் பிளாஸ்டிக்தான், பழைய சிடிக்களும் இதுதான். 1953இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியிலும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிலும் தனித்தனியாக, ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். தென்னைக்குக் கீழே இருக்கும் ஷெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு இல்லை என்பது என் முடிவு.

உள்ளே குழாய் குழாயாக இருக்கும் ஷீட்டையும் கடையில் காட்டினார்கள். சூட்டைக் கொஞ்சம் தடுக்கும், எடையும் ரொம்பக் குறைவு. ஆனால் அதன் வழியாக வெளியே ஒன்றும் தெளிவாகத் தெரியாது. ஓரங்களைச் சரியாக அடைக்காவிட்டால் குழாய்க்குள் ஈரம் இறங்கிப் பாசி பிடிக்கும், எறும்பும் குடியேறும். கூரைக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். சன்னலுக்கு 3 மி.மீ. கெட்டி ஷீட் போதும் என்று 8 அடிக்கு 4 அடியில் ஒன்று வாங்கினேன். இரண்டு சன்னல் போக 4 அடிக்கு 2 அடி துண்டு மிஞ்சியது.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். வெளியில் பொருத்துவதற்கான பாலிகார்பனேட்டில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மெல்லிய படலம் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். எந்தப் பக்கம் என்பதை மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்திருப்பார்கள். கடைக்காரர் "எந்தப் பக்கம் வச்சாலும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றார். ஒன்றே இல்லை. படலம் உள்பக்கம் போய்விட்டால் வெயில் நேராகத் தாக்கி, சில வருஷத்தில் மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கும். தாளை உரித்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால், உரிக்கும் முன்பே வெளிப்பக்க மூலையில் சின்ன டேப் துண்டு ஒட்டி வைத்தேன்.

அடுத்தது சட்டம். இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. சூடு ஏறினால் பிளாஸ்டிக் நீளும். ஒரு மீட்டர் பாலிகார்பனேட் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.07 மி.மீ. நீள்கிறது, கண்ணாடியைப் போல ஏழெட்டு மடங்கு. மழை நாள் விடியற்காலைக்கும் கோடை மதியத்துக்கும் ஷீட்டின் சூடு 40 டிகிரி மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், 4 அடி அகலத்தில் 3 மி.மீ.க்கும் கொஞ்சம் அதிகமாக நகரும். கணக்கோடு நிற்காமல் கண்ணாலும் பார்த்துவிடலாம் என்று, பீடிங் (ஷீட்டைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய பட்டி) அடிக்கும் முன் காலையில் ஷீட்டைச் சட்டத்தின் காடியில், அதாவது ஓரப் பள்ளத்தில், வைத்து, ஒரு ஓரத்தைச் சட்டத்தோடு ஒட்டி நிறுத்தி, மறு ஓரத்தை ஒட்டிப் பென்சில் கோடு போட்டேன். மதிய வெயில் அடித்தபின் போய்ப் பார்த்தால், ஓரம் கோட்டைத் தாண்டி 2 மி.மீ. போயிருந்தது. அந்த 2 மி.மீ. போக இடமில்லாமல் நாலு பக்கமும் இறுக்கினால், ஷீட் நடுவில் தொந்தி போடும், இல்லாவிட்டால் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் விரிசல் விடும். ஊரில் பல கடைகளின் முன்கூரை ஷீட்டில் ஸ்க்ரூவைச் சுற்றிச் சிலந்தி வலை போல விரிசல் ஓடியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அதனால் ஷீட்டைத் துளைக்கவே இல்லை. தேக்கு ரீப்பரில் 15 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுத்து, ஷீட்டைக் காடி அளவைவிட 6 மி.மீ. குறைத்து வெட்டினேன். வெட்டியது காலையில், ஷீட் குளிர்ந்திருக்கும்போது. ஜிக்சாவில் நெருக்கமான பல் பிளேடு போட்டு, ஷீட்டை மேஜையோடு அழுத்திப் பிடித்து நிதானமாக ஓட்டினால் சுத்தமாக அறுபடுகிறது. இரண்டு பக்கமும் வெயில் மழை தாங்கும் இபிடிஎம் வகை ரப்பரில் மெல்லிய பட்டை வைத்து, வெளியிலிருந்து பீடிங் அடித்தேன். மெத்தென்ற பிவிசி பட்டை சேராது, அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை பாலிகார்பனேட்டை நாளடைவில் விரிசல் விட வைக்கும். கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வடிய மூன்று துளைகள். மேல்பக்கம் மட்டும் இடைவெளி அடைக்கும் சிலிக்கான் பசை, அதுவும் நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்கியது. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் இந்த ஷீட்டுக்கு ஆகாது. ஷீட்டைப் பொருத்தும்போது ஒட்டுத்தாளை ஓரத்தில் மட்டும் உரித்து, வேலை முடிந்த அன்றே முழுவதும் கழற்றிவிட்டேன். வெயிலில் விட்டுவைத்தால் தாள் வெந்து ஒட்டிக்கொண்டு உரிக்க வராது.

முதல் பெருங்காற்றில் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆனால் ஷீட் உள்ளும் புறமுமாக மூச்சு விட்டது, டப் டப்பென்று சத்தம் வேறு. இந்த அகலத்துக்கு 3 மி.மீ. கொஞ்சம் மெலிசுதான். நடுவில் உள்ளும் புறமும் ஒரு ரீப்பரை ரப்பர் வைத்து நிறுத்தினேன், ஷீட்டைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்படி. சத்தம் நின்றுவிட்டது. காற்று அதிகமுள்ள ஊரில் 4 அல்லது 5 மி.மீ. வாங்குவது நல்லது.

மரத்தூள் வந்து ஒட்டுவது ஒரு தொல்லை. காய்ந்த துணியால் துடைத்தால் ஷீட் இன்னும் தூளை இழுக்கிறது, கீறலும் விழுகிறது. முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய வேட்டித் துணியால் ஒத்தி எடுக்கிறேன். தின்னர் டப்பாவை அந்தப் பக்கம் கொண்டுபோவதே இல்லை, தெறித்தால் ஷீட் வெளுத்து விரிசல் விட்டுவிடும். பாலிஷ் வேலையை வாசல் பக்கம் மாற்றியாயிற்று.

மிஞ்சிய துண்டைக் கதவில் பொருத்த வேண்டும். கதவுப் பலகை மெலிசு, காடி எடுக்க முடியாது, அதனால் ஸ்க்ரூதான். 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 9 மி.மீ. துளை, அகலமான ரப்பர் வாஷர், வாஷர் நசுங்காத அளவுக்கு மட்டும் இறுக்கம் என்று திட்டம். இரண்டு சன்னலும் திறக்க முடியாதவை என்பதால் மதியத்துக்கு மேல் உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. கூரைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண் விட்டுக் கொசுவலை அடித்த பிறகுதான் கதவு வேலை.