கோந்துப் பொம்மையின் மௌனம்

வழியோரத்துப் பொம்மைக்கு வணக்கம் சொல்லி, பதில் வராத கோபத்தில் அதை அறைந்து, ஒட்டிக்கொண்ட கையை மீட்பதற்காக மறு கையையும் இரு கால்களையும் கடைசியில் தலையையும் கொடுத்து மாட்டிக்கொள்ளும் முயலின் கதையை நான் முதலில் அமெரிக்கக் கதையாகவே அறிந்திருந்தேன். தாரையும் டர்பன்டைனையும் குழைத்து அந்தப் பொம்மையைச் செய்து வைத்தது நரி. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் சொல்லக் கேட்ட கதைகளை ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் 1880-இல் நூலாக வெளியிட்டபோது, இதுவும் அதில் இடம்பெற்றது.

கானாவின் அகான் மக்களிடம் இதே பொம்மை தந்திரக்காரனின் கையில் இருக்கிறது. வான தெய்வமான நியாமேயிடமிருந்து கதைகளை விலைக்கு வாங்க விரும்பும் சிலந்தி அனான்சி, விலையின் ஒரு பகுதியாக ம்மோவாட்டியா என்னும் காட்டுத் தேவதையைப் பிடித்துக் கொடுத்தாக வேண்டும். அவன் பொம்மையின் மேல் மரப்பிசினைப் பூசி, மசித்த வள்ளிக்கிழங்கை அதன்முன் வைத்துவிட்டு ஒளிந்துகொள்கிறான். தேவதை உண்டுவிட்டு நன்றி சொல்கிறாள், பொம்மை வாய் திறக்காததால் அறைகிறாள், ஒட்டிக்கொள்கிறாள்.

இந்தக் கதையின் பிறப்பிடம் இந்தியாவே என்று நாட்டுப்புறவியல் அறிஞர் ஔரேலியோ எஸ்பினோசா 1930-இல் வாதிட்டார். பௌத்த ஜாதகக் கதையில், தட்சசீலத்தில் பயின்று திரும்பும் இளவரசன் ஒருவன், பிசுபிசுத்த ரோமம் கொண்ட யக்கன் என்னும் பூதத்தைக் கை, கால், தலை என ஐந்து உறுப்புகளாலும் தாக்கி ஐந்தும் ஒட்டிக்கொள்ளத் தொங்குகிறான். புத்தரின் உரைகளைத் தொகுத்த சம்யுத்த நிகாயத்திலோ, இமயமலையில் வேடர்கள் வைத்த பிசினில் ஒரு குரங்கு இப்படியே ஐந்து இடங்களில் சிக்கி உயிரை விடுகிறது.

எனக்கு அந்த வாதம் முழுமையாகச் செரிக்கவில்லை. இரு கை, இரு கால், ஒரு தலை என்பது எந்த நாட்டு உடலுக்கும் பொதுவான கணக்குத்தானே! குரங்கைச் சிக்க வைப்பது அதன் பேராசை. இளவரசனைச் சிக்க வைப்பது அவனது வீரம். பேசாத பொம்மையை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் அந்த ரோஷம் அவ்விரண்டிலும் கிடையாது. கானாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறது. அடிமைக் கப்பல்களில் அட்லாண்டிக்கைக் கடந்து வந்தது அந்த ரோஷம்தான் என்று எண்ணுகிறேன்.

முயலும் மாட்டியதோடு நின்றுவிடவில்லை. எரித்தாலும் தூக்கிலிட்டாலும் சரி, அந்த முட்புதரில் மட்டும் எறிந்துவிடாதே என்று அது கெஞ்ச, நரி அங்கேயே எறிகிறது. சிறிது நேரம் கழித்து மேட்டிலிருந்து குரல் கேட்டு நரி நிமிர்ந்து பார்க்கிறது: முட்புதரிலேயே பிறந்து வளர்ந்த முயல் ஒரு மரக்கட்டையின் மேல் கால்மேல் கால் போட்டு அமர்ந்து, ரோமத்தில் ஒட்டியிருந்த தாரை மரச்சிராயால் வாரிக்கொண்டிருக்கிறது.