நொடிக்குப் பத்து கிளிக்

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் சண்டை போட, மவுஸை வேகமாகக் கிளிக் செய்யப் பழகினேன். அதற்குச் சில முறைகள் உண்டு. பலரைப் போல 'ஜிட்டர்' என்ற முறையில்தான் நானும் ஆரம்பித்தேன். முன்கைத் தசையை இறுக்கிப் பிடித்தால் கை தானாக நடுங்கும். அந்த நடுக்கத்தை ஆள்காட்டி விரல் வழியாக மவுஸ் பொத்தானில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். சாதாரணமாக அழுத்தினால் எனக்கு நொடிக்கு 6, 7 கிளிக் வரும். ஜிட்டரில் 11 வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் கையோடு சேர்ந்து, திரையில் குறிவைக்கும் புள்ளியும் நடுங்கியது. எதிராளி கொஞ்சம் நகர்ந்தாலே அடி காற்றில் போகும். மூன்றாவது வாரம், தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகும்போது மணிக்கட்டுக்கு மேலே சுருக்கென்று இழுத்தது. அன்றோடு விட்டுவிட்டேன். யாராவது கேட்டால் ஜிட்டர் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அப்புறம் பட்டர்ஃபிளை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒரே பொத்தானை மாறி மாறித் தட்டும்; மவுஸைக் கட்டைவிரலும் மோதிர விரலும் பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் இரண்டு விரலும் சேர்ந்தே விழுந்து ஒரே கிளிக்காகப் போய்விடும். நான் திரையைப் பார்க்காமல், கண்ணை மூடிக் காதால் பழகினேன். 'டடக், டடக்' என்று ஜோடி ஜோடியாகக் கேட்டால் தப்பு. 'டக் டக் டக் டக்' என்று சீராக வந்தால் சரி. சீராக வந்த பிறகுதான் வேகத்தைக் கூட்டினேன்.

டிராக் வேறு ரகம். விரலைப் பொத்தான் மேல் அழுத்தி இழுத்தால், உராய்வில் அது தத்தித் தத்திப் போகும். ஒவ்வொரு தத்தலும் ஒரு கிளிக். நொடிக்கு 20-ஐச் சுலபமாகத் தாண்டும். மைன்கிராஃப்டில் வேகமாகப் பாலம் கட்ட அருமை. சண்டையில் எனக்கு உதவவில்லை, ஒரு இழுப்பு முடிந்ததும் விரலைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமே.

மவுஸிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பொத்தானுக்குள் உலோகத் தகடுகள் தொடும்போது உடனே நிலைக்காமல் சில மில்லிநொடி துள்ளும். அந்தத் துள்ளலைக் கிளிக்காக எண்ணாமலிருக்க மவுஸ் கொஞ்சம் பொறுக்கும். அதுதான் டிபவுன்ஸ். அதை ரொம்பக் குறைத்தால் ஒரு தட்டு இரண்டாகப் பதியும். சிலர் வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை, விரல் அடிக்காத அடி அது. பல சர்வர்களில் தடையும் உண்டு.

சரி, எவ்வளவு வேகம் வேண்டும்? மைன்கிராஃப்டின் 1.8 பதிப்பில் ஒருவர் அடி வாங்கியதும் அரை நொடிக்கு, அதாவது 10 டிக் வரை (டிக் என்பது ஆட்டத்தின் நேர அலகு, 50 மில்லிநொடி), அதே பலமுள்ள அடுத்த அடி ஏறாது. நொடிக்கு 20 தட்டினாலும் ஏறுவது இரண்டுதான். வேகத்தால் கிடைப்பது, அந்த அரை நொடி முடிந்ததும் முதலில் அடிக்கும் வாய்ப்பு. 5 கிளிக் என்றால் அந்த அடி விழ சராசரியாக 100 மில்லிநொடி தாமதம். 10 என்றால் 50. 20 என்றால் 25. 5-இலிருந்து 10-க்குக் கூட்டினால் ஒரு முழு டிக் மிச்சம். 10-இலிருந்து 20-க்குக் கூட்டினால் அரை டிக்தான். 2016-இல் வந்த 1.9-இல் ஒவ்வொரு அடிக்கும் ஆயுதம் தயாராகக் காத்திருக்க வேண்டியிருப்பதால், அங்கே இந்தக் கணக்கே செல்லாது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு 20-ஐத் துரத்துவதை நிறுத்தினேன். இப்போது பட்டர்ஃபிளையில் 10, 11. பழகும் நேரத்தில் பாதியை, எதிராளி பக்கவாட்டில் ஓடும்போது குறிவைக்கும் புள்ளியை அவர் மேலேயே வைத்திருக்கச் செலவிடுகிறேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸிலிருந்து கையை எடுத்து, விரல்களை விரித்து உதறிவிட்டுத்தான் அடுத்த ஆட்டம்.