நாலு பக்கத்துல ஒரு பக்கம்

பார்வதிபுரம் மேம்பாலத்துல பஸ் ஏறுனதும் நான் ஜன்னல் பக்கம் பாக்க மாட்டேன், போனை எடுத்து நோண்டிக்கிட்டு இருப்பேன். பாலம் வர்றதுக்கு முன்னாடி நாகர்கோவிலை நாம எல்லாரும் ரோட்டுல நின்னு அண்ணாந்துதான் பாத்தோம், கடை போர்டும் வயரும்தான் தெரியும். பாலம் வந்த பொறகு மாடி உயரத்துல இருந்து ஊரைப் பாக்க ஆரம்பிச்சாச்சு. தென்னை மண்டை, ஓட்டு வீடு, தூரத்துல மலை, நடுவுல பொட்டி பொட்டியா நிக்கிற கட்டடங்களோட முதுகு. அதுல ஒரு முதுகு நான் வரைஞ்சது, சரியா சொன்னா வரையாம விட்டது.

நான் ஐடிஐ-ல சிவில் ட்ராஃப்ட்ஸ்மேன் முடிச்சவன். இங்க ஒரு சின்ன ஆபீஸ்ல 18 வருஷமா இருக்கேன். இன்ஜினியர் சார் சொல்ற அளவை கம்ப்யூட்டர்ல ஆட்டோகேடுல வரையுறது, அப்ரூவலுக்கு ஷீட் ரெடி பண்றது, ஓனர் வந்தா டீ சொல்றது எல்லாம் என் வேலைதான். முதல் பத்து வருஷம் பெரும்பாலும் வீடுதான், எட்டு சென்ட்ல ரெண்டு பெட்ரூம், மேல மட்டுப்பா (மொட்டை மாடி), பூஜை ரூம் அல்லது ஜெபம் பண்ண ஒரு மூலை. காலேஜ் பிள்ளைங்களுக்கு ரூம் கட்டுற வேலை அப்புறம்தான் வந்துச்சு. நாகர்கோவிலைச் சுத்தி எத்தனை காலேஜ்னு உங்களுக்கே தெரியும், ஸ்காட் கிறிஸ்டியன் 1893-லயே காலேஜ் ஆயிட்டு, பொறகு ஹிந்து காலேஜ், ஹோலி கிராஸ், அதுக்கப்புறம் இன்ஜினியரிங் காலேஜ், நர்சிங் காலேஜ்னு வரிசையா வந்துட்டே இருக்கு. பிள்ளைங்க எங்கயாவது தங்கணும்லா. அதுல தப்பே கிடையாது.

2019 கடைசில ஒரு அண்ணாச்சி வந்தாவ, கல்ஃப்ல இருந்து வந்து செட்டில் ஆனவங்க, ஒரு காலேஜுக்குப் பக்கத்துல 14 சென்ட், பிள்ளைங்க தங்க ஹாஸ்டல் கட்டணும்னு. போன்ல ஒரு போட்டோ காட்டி "தம்பி, இதுபோல கண்ணாடியும் ஷீட்டுமா பளபளன்னு வரணும், சாய்ப்பு ஓடு எல்லாம் வேண்டாம், கிராமத்து வீடு கணக்கா இருக்கும்"னு சொன்னாவ. சார் தலையாட்டிட்டாரு, நானும் ஆட்டிட்டேன்.

அந்த வருஷம் ரெண்டு விஷயம் நடந்துச்சு, நாகர்கோவில் மாநகராட்சி ஆச்சு, தமிழ்நாடு முழுசுக்கும் ஒரே கட்டட விதியும் வந்துச்சு. அதுல ஒரு நம்பர் இருக்கு, 18.30 மீட்டர், அதாவது 60 அடி. அதுக்கு மேல போனா ஹை ரைஸ், அகலமான ரோடு வேணும், சுத்தி நெறைய எடம் விடணும், ஃபயர் சர்வீஸ் சர்டிஃபிகேட்டும் வேணும். அதுக்குள்ள நின்னுட்டா அவ்வளவு தலைவலி இல்ல. அதனால எங்க ஆபீஸ்க்கு வந்த ஓனர்ல முக்காவாசிப் பேருக்கும் கணக்கு ஒண்ணுதான், கீழ தூண் மட்டும் நிக்கிற ஸ்டில்ட்ல பார்க்கிங், மேல அஞ்சு மாடி, மாடிக்கு பத்தடி, மொத்தம் 60-க்குள்ள நறுக்குனு முடியணும். வரம்புன்னு போட்ட கோட்டை நாங்க எல்லாரும் எட்டித் தொட வேண்டிய கோடுன்னு எடுத்துக்கிட்டோம். இன்னொரு கூத்து கேளுங்க, தண்ணித் தொட்டி, லிஃப்ட் ரூம், மாடிப்படி கூண்டு இதெல்லாம் அந்த உயரக் கணக்குல வராது. ஆனா தூரத்துல இருந்து பாத்தா முதல்ல கண்ணுல படுறது அந்தக் கருப்பு சின்டெக்ஸ் டேங்கும் அதுக்குக் கீழ துருப்பிடிச்ச தகர ஷெட்டும்தான்.

என் மச்சினன் மக நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போனா, ஆக்ஸ்ஃபோர்டுல. வீடியோ கால்ல ஊரைச் சுத்திக் காட்டும்போது "மாமா, இவ்வளவு பெரிய யுனிவர்சிட்டி ஊரு, நடு ஊருக்குள்ள நம்ம ஊரு ஆஸ்பத்திரி உயரத்துக்குக் கூட கட்டடம் இல்ல பாத்தீங்களா"ன்னா. ஏன்னு தேடிப் பாத்தேன். கார்ஃபாக்ஸ்னு ஒரு பழைய கோபுரம் நடு ஊருல நிக்கி, அதைச் சுத்தி 1200 மீட்டருக்குள்ள 18.2 மீட்டருக்கு மேல கட்டணும்னா ரொம்பக் கெடுபிடியாம். 18.2-ன்னா அதே 60 அடி! எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆயிட்டு. அங்க கோபுரங்கள் தெரியணும்னுதான் அந்தக் கோடு, மத்ததெல்லாம் அதுக்குக் கீழ ஒதுங்கி நிக்கணும். இங்க அந்தக் கோட்டுக்கு அப்படி எந்தக் கோபுரமும் தெரியாது, ஃபயர் வண்டி ஏணியும், எவ்வளவு எடத்துக்கு எவ்வளவு சதுரடி கட்டலாம்ங்கிற எஃப்.எஸ்.ஐ கணக்கும்தான் தெரியும். அதுக்காக அங்க எல்லாம் சுத்தம்னு நெனைக்காதீங்க. அந்த யுனிவர்சிட்டியே போர்ட் மெடோன்னு ஒரு மேய்ச்சல் வெளி ஓரத்துல கேசில் மில்னு ஸ்டூடண்ட்ஸ் தங்க வரிசையா ஃப்ளாட் கட்டி, அந்த வெளில நின்னா தெரியுற கோபுரங்களை மறைச்சிருச்சுன்னு ஊரே சண்டை போட்டிருக்கு. மேல் மாடியைக் கழட்டலாமான்னு 2015-ல யுனிவர்சிட்டிக்குள்ள ஓட்டெடுப்பே நடந்து, வேண்டாம்னு முடிவாச்சு. அதுவும் நம்ம கட்டடம் மாதிரி அஞ்சு மாடி சமாச்சாரம்தான். மறைக்கிறதுக்கு அம்பது மாடியா வேணும்?

சரி நம்ம கதைக்கு வாரேன். கட்டடத்தை வெளிய நின்னு பாக்குற மாதிரி போடுற ட்ராயிங்குக்கு எலிவேஷன்னு பேரு, எங்க ஆபீஸ்ல எலிவேஷன்னா முன்பக்கம் மட்டும்தான். 3டி பண்ற பையன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கு முன்பக்க ட்ராயிங்கை மட்டும் குடுப்போம். அவன் போடுற படத்துல வானம் நீலமா இருக்கும், வாசல்ல ஒரு வெளிநாட்டுக் கார் நிக்கும், பனைமரம் மாதிரி ஏதோ ஒரு மரம் இருக்கும் (நம்ம ஊருல நிக்கிற பனையோட அதுக்கு எந்தச் சொந்தமும் இல்ல), இ.பி ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்காது, பக்கத்து வீடு இருக்காது. அந்தப் படத்தைப் பாத்துத்தான் ஓனர் அட்வான்ஸ் குடுப்பாவ. அப்ரூவல் ஷீட்ல கூட பக்கவாட்டு எலிவேஷனுக்கு நான் ஒரு செவ்வகம் போட்டு ஜன்னல் நாலு ஒட்டிட்டு விட்டுருவேன், எவனும் கேக்க மாட்டான். பெரிய சிட்டில அது தப்பிச்சிரும், இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு ஒட்டி நின்னு மறைச்சிரும். நம்ம ஊரு அப்படி இல்லயே, ஓட்டு வீட்டுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நடுவுல ஒத்தையா அஞ்சு மாடி நிக்கும்போது ஊரு பாக்குறது பக்கவாட்டையும் முதுகையும்தான், முன்பக்கம் அந்த ரோட்டுல போறவனுக்கு மட்டும்தான்.

சன்ஷேடு விஷயத்துலதான் எனக்கு இன்னும் வலிக்கு. பளபளன்னு வரணும்னா ஷேடு தடுக்கும்னு எல்லா ஷேடையும் எடுத்துட்டு, மேக்குப் பக்கமும் வழவழன்னு சொவரா விட்டோம். கான்கிரீட் போடுற அன்னைக்கி மேசிரி என்கிட்ட வந்து "சாரே, மேக்க பாத்த சொவரு ஷேடு இல்லாம நிக்காது, ஒக்கி அன்னைக்கி மழ மேல இருந்தா வந்துது, குறுக்கலால்லா வந்துது, மறந்து போச்சா"ன்னு கேட்டாரு. மறக்கல, 2017 நவம்பர் 30 யாருக்கு மறக்கும். ஆனாலும் ட்ராயிங்ல இல்லாததை எப்படிப் போடச் சொல்லன்னு "சார்கிட்ட கேட்டுக்கிடுங்க மேசிரி"ன்னு நழுவிட்டேன். இங்க ஆனி ஆடி சாரல் மேக்க இருந்து அடிக்கும், ஐப்பசி கார்த்திகைல வடகிழக்கு வந்து அந்தப் பக்கம் அடிக்கும், ரெண்டு மழையும் வாங்குற மாவட்டம் இது. ரெண்டாவது சாரலுக்குள்ள மேக்கு ரூம் எல்லாம் உள்சொவரு பூத்துப் போச்சு. ஒரு பிள்ளை அலமாரில வச்ச ரெக்கார்டு நோட்டு எல்லாம் பூஞ்சை புடிச்சு வார்டன்கிட்ட கொண்டு காட்டியிருக்கு. வெளியில கருப்பா பாசி, மேல இருந்து கீழ வரைக்கும் கோடு கோடா. முன்பக்கத்துல பளபளப்புக்கு ஒட்டுன ஏசிபி (அலுமினிய) ஷீட் ரெண்டு ஆடிக் காத்துல பிச்சுக்கிட்டுப் போயிட்டு, நல்லவேளை ஆள் மேல விழல.

அந்த சமயத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். சின்ன வயசுல இருந்து பத்து தடவையாவது போயிருப்பேன், ட்ராஃப்ட்ஸ்மேன் கண்ணோட பாத்தது அன்னைக்கித்தான். உப்பரிகை மாளிகைன்னு ஒண்ணு உண்டு, மார்த்தாண்ட வர்மா காலத்துல 1750 வாக்குல கட்டுனது, நாலு நிலை. நம்ம மாவட்டத்துக்கு மாடி ஒண்ணும் புதுசு இல்ல பாத்துக்கிடுங்க. ஆனா ஒவ்வொரு நிலைக்கும் ஓட்டு எறவாரம் சொவரைத் தாண்டி வெளிய வந்து நிக்கி, மழை சொவரைத் தொடாம கீழ எறங்கிப் போகுது. நான் சுத்திச் சுத்தி வந்து முதுகு எதுன்னு தேடுனேன், புடிபடல. பெரியவன் "அப்பா என்ன தேடுதிய"ன்னு கேட்டான், என்னத்தைச் சொல்ல. ராஜா வீடு, மரத்துக்கும் ஆளுக்கும் கணக்கு பாக்காம கட்டுனது, அதையும் காலேஜ் ஹாஸ்டலையும் ஒப்பிட முடியாதுன்னு எனக்கும் தெரியும், அந்தக் காலத்து சாதாரண வீடுகள்ல இருட்டும் பொகையும் எவ்வளவுன்னு எங்க அம்மா சொல்லக் கேட்டிருக்கேன். ஆனா எறவாரம் ராஜாவுக்கு மட்டும் சொந்தமில்லயே. ரெண்டடி ஷேடுக்கு ஆன செலவைவிட அந்த ஏசிபி ஷீட்டுக்கு அதிகமாச்சு, பில்லு போட்டவன் நான்.

அதுக்குப் பொறகு எவன் கேட்டாலும் கேக்காட்டாலும் நாலு பக்கமும் வரையுறேன், டேங்க் எங்க உக்காருதுன்னும் வரையுறேன். சார் முதல்ல "இதுக்கெல்லாம் யாருடே பைசா தருவா"ன்னாரு. இப்ப ஒண்ணும் சொல்றதில்ல. எல்லா ஓனரும் ஒத்துக்கிட்டாங்கன்னு இல்ல, போன வருஷம் மூணு பேர்ல ஒருத்தங்க மேக்குப் பக்கம் ஷேடு போட சம்மதிச்சாவ, அதுவும் பெயிண்ட் செலவு மிச்சம்னு சொன்னதுக்கு.

அந்த அண்ணாச்சி கட்டடத்துக்கு ஒட்டி தெக்க ஒரு ஓட்டு வீடு, ஒரு பாட்டி தனியா இருக்காவ. கட்டடத்தோட தெக்குச் சொவரு பூசி விட்டதோட நாலு வருஷமா அப்படியே சிமெண்ட் நெறத்துல நிக்கி, பெயிண்ட் அடிக்கணும்னா சாரம் கட்ட பாட்டியோட எடம் வேணும். கேக்க அண்ணாச்சிக்கு கூச்சம், என்னைப் போகச் சொன்னாவ. நான் போய் நின்னதும் பாட்டி முதல்ல கேட்டது, "மக்களே, இதை வரைஞ்சது நீயா?" ஆமான்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல, காப்பி மட்டும் தந்தாவ. பொறகு "சாரம் கட்டிக்கிடுங்க, வாழைய மட்டும் மிதிக்காதிய, வெள்ளை அடிக்கப்பிடாது, வெயிலு அதுல பட்டுத் திரும்பி எங்க திண்ணையில அடிக்கும்"னு சொன்னாவ. நான் வரைஞ்ச எந்த ஷீட்லயும் அந்தத் திண்ணை இல்ல.

நேத்து பாலத்துல போகும்போது பாத்தேன், பாதிச் சொவருக்கு சாரம் ஏறியிருக்கு. என்ன கலர்னு இன்னும் முடிவாகல, அண்ணாச்சி நாலு கார்டு அனுப்பியிருக்காவ, நாளைக்கி கொண்டு போய் பாட்டிகிட்ட காட்டணும்.