யூஎஸ்பி இல்லாத ரிக்கார்டரிலிருந்து பாட்டியின் குரலை எடுத்த கதை

2009இல் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பாட்டியை உட்காரவைத்து நான்கு மணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்தேன். பாட்டி போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. போன மாதம்தான் அலமாரியிலிருந்து ரிக்கார்டரை எடுத்தேன். பழைய பேட்டரி கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, காயவைத்து, புது பேட்டரி போட்டதும் திரை எரிந்தது. பதிவுகள் அப்படியே இருந்தன. ஃபிளாஷ் நினைவகம் என்பதால் பேட்டரி தீர்ந்தாலும் அழியாது.

ஆனால் அதில் யூஎஸ்பி துளையே இல்லை. அந்தக் காலத்தில் கணினியோடு சேர்வது, சேராதது என்று இரண்டு விதமாகவும் விற்றார்கள். நான் மலிவானதை வாங்கியிருக்கிறேன். கடையில் காட்டினேன். "ஒன்னும் செய்ய முடியாதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மனசு கேட்கவில்லை. காதில் மாட்டிக் கேட்க ஒரு துளை இருக்கிறதே, அதன் வழியாக வருவதைக் கணினி பிடிக்காதா?

இரண்டு முனையும் 3.5 மில்லிமீட்டர் ஆணாக இருக்கும் ஒயர் வாங்கி மடிக்கணினியில் செருகினேன். சத்தமே பதியவில்லை. தங்கச்சி மகன்தான் பார்த்துச் சொன்னான்: "பெரியம்மா, மைக் உள்ள ஹெட்செட் முனையில மூணு கோடு இருக்கும். இதுல ரெண்டுதான். கம்ப்யூட்டர் இதை வெறும் இயர்போன்னு நினைச்சிக்குது." யூஎஸ்பியில் செருகும் சின்ன சவுண்ட் கார்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் மைக்குக்குத் தனித் துளை, ரோஸ் நிறத்தில்.

இப்போது குரல் வந்தது, ஆனால் உடைந்து கரகரத்தது. மைக் துளை மிக மெல்லிய சத்தத்துக்கானது. இயர்போன் துளையிலிருந்து வருவது அதற்கு மிக அதிகம். ரிக்கார்டரின் ஒலியைக் கால்வாசிக்குக் குறைத்து, விண்டோஸில் மைக் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் மைக் பூஸ்ட்டை அணைத்தேன். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் ஒலி அளவு முள் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி வைத்ததும் சரியானது. அப்புறமும் அடியில் ஓர் உறுமல். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றது.

இந்த முறையில் கோப்பைப் பிரதி எடுக்க முடியாது. நான்கு மணி நேரப் பேச்சு நான்கு மணி நேரம் ஓடித்தான் ஆகவேண்டும். இரண்டு இரவு பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன். ரப்பர் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, இருட்டில் எழுந்து போனது, பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் மழைத் தண்ணி விழுந்து பால் கெட்ட நாளில் மேற்பார்க்கும் கங்காணி திட்டியது, காண்டா என்ற காவடிக் கம்பில் தொங்கிய வாளி தோளில் பதித்த தழும்பு. 1948 ஜூன் 16, சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்ட நாள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். பாட்டிக்கு அப்போது பத்து வயது. "அம்மா எங்களை லயத்துக்குள்ள தள்ளி கதவை அடைச்சிட்டாங்க. அடுப்பு கூட பத்த வைக்கல" என்கிறார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. பின்னால் தகரக் கூரையில் மழை. நடுவில் ஒரு இடத்தில், "ஓடுதா கண்ணு?" என்று கேட்கிறார். "ஓடுது பாட்டி" என்கிறது என் பழைய குரல்.

சுருக்கி எம்பி3 ஆக்காமல், சுருக்காத வேவ் கோப்பாகவே சேமித்தேன். ஒற்றைத் தடமான மோனோவில் ஒரு மணி நேரப் பேச்சுக்கு 320 எம்பி போலத்தான் வருகிறது. ஒன்று வன்வட்டில், ஒன்று மாமா வீட்டுப் பென்டிரைவில். ரிக்கார்டரில் இருப்பதை அழிக்கவில்லை. பேட்டரியை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன்.